சர்க்கரையை அக்கரை சேர்த்த போரான்

சமையல் எண்ணெயில் ஒரு ஸ்பூன் சர்க்கரையைப் போட்டு எவ்வளவு நேரம் கலக்கினாலும் கரையாது. சர்க்கரை மூலக்கூறில் ஹைட்ராக்சில் தொகுதிகள் நிறைய உண்டு. அவை தண்ணீரைத்தான் நாடும். இருபுறமும் தண்ணீர், நடுவில் எண்ணெய் போன்ற ஒரு திரவம் என்று வைத்தால் அந்த நடு அடுக்குக்குத் திரவச் சவ்வு என்று பெயர். இந்தக் கரையில் உள்ள சர்க்கரை அந்தக் கரைக்கு எப்படிப் போகும்? நம் உடலின் செல் சவ்வும் கொழுப்பால் ஆனதுதான். அங்கே குளுக்கோஸைக் கடத்திவிடப் பெரிய புரதங்கள் இருக்கின்றன. அந்த வேலையை ஒரு சின்ன மூலக்கூறு செய்யுமா?

இதற்கு விடை கேரம் போர்டில் தூவும் போரிக் பவுடரின் குடும்பத்தில் இருந்தது! போரிக் அமிலம் மிகவும் வலுக்குறைந்தது. அதன் கரைசல் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் பூசெகன் என்ற வேதியியலாளர் அதில் குளுக்கோஸைச் சேர்த்தபோது கடத்துதிறன் கூடியது. அதை 1913-ல் வெளியிட்டார். காரணம் எளிது. சர்க்கரையில் அருகருகே உள்ள இரண்டு ஹைட்ராக்சில்களைப் போரான் பிடித்துக்கொண்டு ஒரு வளையமாகிறது. அப்போது அது முன்னைவிட வலுவான அமிலமாகிறது.

போரானோடு ஒரு கரிமத் தொகுதி சேர்ந்தால் அது போரானிக் அமிலம். முதல் போரானிக் அமிலத்தை ஃபிராங்க்லாண்ட் 1860-லேயே தயாரித்துவிட்டார். ஆனால் அது சர்க்கரையோடு சேரும் விதத்தை ஆராய்ந்து குய்விலா குழுவினர் வெளியிட்டது 1954-ல்தான். 1959-ல் லோராண்ட், எட்வர்ட்ஸ் இருவரும் இந்தப் பிணைப்பின் வலிமையை அளந்தார்கள். ஃபீனைல் போரானிக் அமிலம் குளுக்கோஸைவிட ஃபிரக்டோஸைச் சுமார் 40 மடங்கு இறுகப் பிடிக்கிறது என்று தெரிந்தது.

இந்தப் பிடிப்பைப் பரிசலாக்கியவர்கள் ஜப்பானின் ஷின்போ குழுவினர். ஆண்டு 1986. ஒரு கரை காரம், மறு கரை அமிலம். காரக் கரையில் போரானிக் அமிலம் சர்க்கரையைப் பிடித்து எதிர்மின் சுமை பெறும். எண்ணெயில் கரையும் அம்மோனியம் உப்பு ஒன்று அதற்குத் துணையாக வர, இரண்டும் சேர்ந்து நடுத்திரவத்தைக் கடக்கும். அமிலக் கரையில் பிடி தளர்ந்து சர்க்கரை இறங்கிவிடும். செறிவு குறைந்த பக்கத்திலிருந்து கூடிய பக்கத்துக்கே சர்க்கரை போனதுதான் ஆச்சரியம். மேட்டில் தண்ணீர் ஏறியது போல!

1990-களில் அமெரிக்காவின் நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தில் பிராட்லி ஸ்மித் குழுவினர் இதைத் தொழிலுக்குக் கொண்டுவர முயன்றார்கள். ஃபிரக்டோஸ் மிகுந்த சோளச் சிரப்பில் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் கலந்தே இருக்கும். இனிப்பு அதிகமுள்ள ஃபிரக்டோஸைப் பிரித்தால் லாபம். ஆனால் நுண்துளைத் தாளில் ஊறவைத்த திரவம் மெல்ல மெல்லக் கசிந்து வெளியேறிவிடும். 1997-ல் செல்லுலோஸ் டிரைஅசிடேட் என்ற பிளாஸ்டிக் படலத்துக்குள் கடத்தியை வைத்துப் பார்த்தார்கள். அங்கே பரிசல் நகரவில்லை. சர்க்கரைதான் ஒரு கடத்தியிலிருந்து அடுத்த கடத்திக்குத் தாவிச் சென்றது. ஆலைகளோ ஃபிரக்டோஸைப் பிரிக்க நிறப்பிரிகை முறையையே தொடர்ந்தன.

அப்படியானால் உழைப்பெல்லாம் வீணா? இல்லை. மருத்துவத்துக்குத் தேவை ஃபிரக்டோஸ் அல்ல, குளுக்கோஸ். அதைப் பிடிக்க இரண்டு போரான்களைச் சரியான இடைவெளியில் வைக்க வேண்டும் என்று 1990-களில் ஷின்காய், டோனி ஜேம்ஸ் முதலியோர் காட்டினார்கள். 2018-ல் அமெரிக்க அரசு அனுமதித்த எவர்சென்ஸ் என்ற கருவி நீரிழிவு நோயாளியின் தோலுக்கடியில் இருந்து குளுக்கோஸை அளக்கிறது. அதற்குள் வேலை செய்வதும் போரானிக் அமிலம்தான். சர்க்கரையைச் சுமந்து செல்லப் பழகிய போரான், இன்று அதைப் பிடித்து அளவு சொல்கிறது.