எரியூட்டப்பட்ட பெட்டிகளும் எஞ்சிய பெட்டிகளும்

அமெரிக்க ஐக்கிய நாட்டில் 1888ஆம் ஆண்டு வர்ஜீனியா மாநிலத்தின் ரிச்மண்ட் நகரில் பிராங்க் ஸ்பிரேக் என்னும் பொறியாளர் மின்சார டிராம் வண்டிகளை வெற்றிகரமாக ஓட்டிக் காட்டியதைத் தொடர்ந்து, நகரத் தெருக்களோடு நின்றுவிடாமல் ஊர்களுக்கிடையேயும் மின்சாரத் தண்டவாளங்கள் நீளத் தொடங்கின. ஒரு நகரின் கடைத்தெருவில் டிராமைப் போலவே புறப்பட்டு, எல்லையைத் தாண்டியதும் வயல்களுக்கு நடுவே இரயிலின் வேகத்தில் ஓடி, அடுத்த ஊரின் கடைத்தெருவில் போய் நிற்கும் இவ்வகை வண்டிகளுக்கு ‘இன்டர்அர்பன்’ என்று பெயர். 1916ஆம் ஆண்டை ஒட்டி இவற்றின் பாதைகள் நாடெங்கும் 15,000 மைலுக்கு மேல் பரவியிருந்தன. அடுத்த முப்பது ஆண்டுகளுக்குள், மலிவு விலை மோட்டார் கார்களும் அரசு செலவில் போடப்பட்ட தார்ச்சாலைகளும் 1929க்குப் பிந்தைய பொருளாதாரப் பெருமந்தமும் சேர்ந்து அவற்றில் பெரும்பகுதியைத் துடைத்தெறிந்தன.

பாதை மூடப்பட்டதும் பெட்டிகளுக்கு என்ன நேர்ந்தது என்பதை அறியாமல், பின்னாளில் தோன்றிய இரயில் அருங்காட்சியகங்களின் வரலாற்றைப் புரிந்துகொள்ள இயலாது. சக்கரங்கள் கழற்றப்பட்ட பெட்டிக்கூடுகள் கோழிக்கூண்டாகவும் பண்ணைக் கொட்டகையாகவும் சாலையோரச் சிற்றுண்டிக் கடையாகவும் ஏழைக் குடும்பங்களின் வீடாகவும் விலைபோயின. விலைபோகாதவை வரிசையாக நிறுத்தப்பட்டுத் தீ வைக்கப்பட்டன. மரம் எரிந்து சாம்பலானால் மிஞ்சும் இரும்பையும் செம்பையும் பழைய உலோக வணிகரிடம் எடைக்குப் போடலாம் என்பதே அதன் கணக்கு. தேர்ந்த தச்சர்கள் செர்ரி மரத்திலும் மகோகனியிலும் இழைத்த வேலைப்பாடுகள் ஒரே பிற்பகலில் எரிந்து முடிந்தன. ஒரு தலைமுறையின் கைத்திறன் முழுவதும் இப்படி எடைக்கு எடை போனதை நினைக்கையில், பின்னர் வந்த மீட்பு முயற்சிகள் எவ்வளவு தாமதமானவை என்பதும், அந்தத் தாமதத்திலும் எவ்வளவு துணிச்சலானவை என்பதும் விளங்குகின்றன.

முதல் முயற்சி மெய்ன் மாநிலத்தில் நடந்தது. 1939இல் பிட்டஃபோர்டு–சாக்கோ டிராம் நிறுவனம் தன் வண்டிகளை நிறுத்திவிட்டுப் பேருந்துக்கு மாறியபோது, இரயில் ஆர்வலர்களான இளைஞர் சிலர் 150 டாலர் திரட்டி, 31ஆம் எண் கொண்ட டிராமை விலைக்கு வாங்கினர். 1900ஆம் ஆண்டில் செய்யப்பட்ட அந்தக் கோடைக்கால வண்டிக்குப் பக்கச் சுவர்களே கிடையாது. இன்று ‘சீஷோர்’ டிராம் அருங்காட்சியகம் என அறியப்படும் நிறுவனத்துக்கு அந்த ஒற்றை வண்டியே வித்து. சம்பளம் பெறாத தன்னார்வலர்கள் ஒரு முழு இரயில் பாதையையே ஏற்று நடத்துவது, வேல்ஸ் நாட்டின் டாலிலின் குறும்பாதையில் 1951இல்தான் தொடங்கியது என்பதை இதனோடு சேர்த்து எண்ணிப் பார்த்தால், மெய்ன் இளைஞர்கள் தம் காலத்தை எவ்வளவு முந்தியிருந்தனர் என்பது தெரியவரும்.

இவ்வியக்கத்தின் வளர்ச்சியை முழுமையாகக் காண ஏற்ற இடம் இல்லினாய் இரயில் அருங்காட்சியகமாகும். 1953ஆம் ஆண்டில் பத்துப் பேர் ஆளுக்கு 100 டாலர் போட்டு, இந்தியானா இரயில்ரோடு நிறுவனத்துக்காக 1931இல் கட்டப்பட்ட 65ஆம் எண் இன்டர்அர்பன் வண்டியை வாங்கினர். எடையைக் குறைக்க அலுமினியத்தைத் தாராளமாகப் பயன்படுத்திக் கட்டப்பட்ட அந்த விரைவு வண்டி, இந்தியானாப் பாதை மூடப்பட்டபின் ஐயோவா மாநிலத்தில் சில ஆண்டுகள் ஓடி, அங்கும் பயணிகள் சேவை நின்றபோது பழைய இரும்பாகப் போகும் தறுவாயில் இருந்தது. வாங்குவது எளிதாக இருந்தது. வைத்துக் காப்பதுதான் யானையைக் கட்டித் தீனி போடும் கதையாயிற்று. நார்த் சிகாகோ நகரில் ஒரு வார்ப்பாலையின் வளாகத்தில் கிடைத்த இடத்தில் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்தன. வெயிலும் பனியும் மழையும் அவற்றை அரித்துக்கொண்டிருக்க, மேற்கூரை வேண்டும் என்ற ஏக்கம் அவ்வமைப்பினருக்குப் பல்லாண்டு நீடித்தது.

1957ஆம் ஆண்டு ஜூலை 3 அன்று சிகாகோ–அரோரா–எல்ஜின் பாதையின் பயணிகள் சேவை நண்பகலில் திடீரென நிறுத்தப்பட்டது. காலையில் அந்த வண்டியில் வேலைக்குச் சென்றவர்கள் மாலையில் வீடு திரும்ப வண்டியின்றித் தவித்தனர். 1963 ஜனவரியில் சிகாகோவையும் மில்வாக்கியையும் இணைத்த நார்த் ஷோர் பாதையும் மூடப்பட்டது. இவ்விரு மறைவுகளும் அருங்காட்சியகத்துக்கு ஒருசேர வாய்ப்பாகவும் சுமையாகவும் அமைந்தன. 1964இல் வண்டிகள் அனைத்தும் யூனியன் என்னும் சிற்றூருக்கு இடம்பெயர்ந்தன. 1930இலேயே கைவிடப்பட்ட எல்ஜின்–பெல்விடியர் மின்பாதையின் தடம் அங்கே வெறும் மண்மேடாகக் கிடந்தது. தன்னார்வலர்கள் அதன்மேல் கட்டைகளையும் தண்டவாளங்களையும் பதித்து, கம்பம் நட்டு, 600 வோல்ட் நேர்மின்சாரம் பாயும் மேல்கம்பியை இழுத்துக் கட்டி, ஏறத்தாழ 5 மைல் நீளமுள்ள பாதையாக்கினர். இன்று நானூறுக்கும் மேற்பட்ட வண்டிகளும் எஞ்சின்களும் உள்ள அந்த வளாகத்தின் அடித்தளம், வார இறுதிகளில் வந்து உழைத்த மனிதர்களின் கைகளால் இடப்பட்டது.

அவ்வுழைப்பின் தன்மையை அறிய, மரத்தாலான ஒரு பழைய பெட்டியின் சீரமைப்பை அருகிலிருந்து நோக்க வேண்டும். முதல் வேலை தச்சு வேலையன்று, விசாரணையே. பக்கச் சுவரில் உள்ளங்கை அளவு இடத்தைத் தேர்ந்து, நுண்ணிய உப்புத்தாளால் வட்டவட்டமாகத் தேய்த்துக்கொண்டே போனால், மேலிருக்கும் சாம்பல் நிறத்துக்கு அடியில் பச்சை, அதற்கடியில் ஆரஞ்சு, எல்லாவற்றுக்கும் கீழே முதன்முதலில் பூசிய செந்நிறம் எனப் பெட்டியின் வாழ்க்கை முழுவதும் மர வளையங்களைப் போல விரியும். எந்த அடுக்கு எந்த ஆண்டைச் சேர்ந்தது என்பதைப் பழைய நிழற்படங்களோடும் நிறுவனப் பதிவேடுகளோடும் ஒப்பிட்டு முடிவு செய்த பிறகே அழுகிய மரத்தைக் கழற்றத் தொடங்குவர். கழற்றிய ஒவ்வொரு துண்டும், எவ்வளவு உளுத்திருந்தாலும், புதிய துண்டுக்கு அளவு எடுக்கப்படும்வரை தூக்கி எறியப்படுவதில்லை. ஏனெனில் வரைபடம் தொலைந்துபோன வண்டிக்கு அந்த உளுத்த மரமே வரைபடம்.

கூரை வேலை தனிக் கலையாகும். ஒடுங்கிய பலகைகளை வளைத்து அடித்த கூரையின்மேல் கெட்டியான வண்ணத்தைத் தாராளமாகப் பூசி, அது காய்வதற்குள் தடித்த பருத்திக் கேன்வாஸ் துணியை அதன்மேல் விரித்து, இருபுறமும் ஆட்கள் நின்று சுருக்கம் விழாமல் இழுத்துப் பிடிக்க, விளிம்பு நெடுகச் சிற்றாணிகளை நெருக்கமாக அறைந்து, மேலே மீண்டும் பல பூச்சு வண்ணம் கொடுத்தால்தான் மழைநீர் உட்புகாது. ஓரிடத்தில் இழுவை தளர்ந்தாலும் அங்கே நீர் தேங்கி, சில ஆண்டுகளில் கீழேயுள்ள மரம் முழுவதையும் அழித்துவிடும். அடித்தளத்தில், சக்கரங்களைத் தாங்கும் ‘டிரக்’ எனப்படும் சட்டகத்தைப் பிரித்து, அச்சுமுனைகள் சுழலும் தாங்கிகளில் தேய்ந்துபோன வெள்ளீயக் கலவையை உருக்கி வடித்துப் புதிதாக வார்த்துக் கடைய வேண்டும். மோட்டார்களின் செம்புச் சுற்றுகளில் காப்புறை பொடிந்திருந்தால் அவற்றை முற்றிலும் பிரித்து மீண்டும் சுற்ற வேண்டும். இவ்வேலைகளில் பலவற்றுக்கு இன்று பயிற்சி தரும் தொழிற்பள்ளிகள் அரிது. ஓய்வுபெற்ற தொழிலாளர்களின் நினைவும், மங்கிய கைநூல்களும், தவறு செய்து திருத்திக்கொண்ட அனுபவமுமே ஆசிரியர்கள்.

நீராவி எஞ்சின்களில் இந்தப் பொறுப்பு உயிர்ப்பொறுப்பாகவே மாறிவிடுகிறது. இல்லினாய் அருங்காட்சியகத்திலுள்ள 1630ஆம் எண் எஞ்சின் 1918இல் பால்ட்வின் தொழிற்சாலையில் ரஷ்யாவுக்கென்று செய்யப்பட்டது. போல்ஷ்விக் புரட்சிக்குப் பின் ஏற்றுமதி தடைபட்டு அமெரிக்காவிலேயே தேங்கிவிட்ட இவ்வகை எஞ்சின்களில் அதுவும் ஒன்று. ரஷ்யாவின் 5 அடி அகலப் பாதைக்கென வார்க்கப்பட்ட சக்கரங்களின்மேல் கூடுதல் அகலமுள்ள எஃகுப் பட்டைகளை ஏற்றி, அமெரிக்காவின் குறுகலான தண்டவாளங்களில் அவை ஓடவிடப்பட்டன. 1967இல் அருங்காட்சியகத்துக்கு நன்கொடையாக வந்த 1630, நீண்ட பழுதுபார்ப்புக்குப் பிறகு 2014இல் மீண்டும் பயணிகள் வண்டியை இழுத்தது.

இத்தகைய பழுதுபார்ப்பு ஏன் இத்தனை ஆண்டு பிடிக்கிறது என்பதற்கு விடை கொதிகலனில் உள்ளது. நிலக்கரி எரியும் உலையறையின் மேற்புறத்தை மூடியிருக்கும் உச்சித் தகட்டின்மேல் எப்போதும் நீர் நின்றாக வேண்டும். நீர்மட்டம் இறங்கித் தகடு வெளிப்பட்டால் அது பழுக்கக் காய்ந்து மென்மையாகி, மேலுள்ள நீராவியின் அழுத்தம் தாங்காமல் கிழிந்துவிடும். 1995 ஜூனில் பென்சில்வேனியாவின் கெட்டிஸ்பர்க் இரயில் பாதையில் சுற்றுலா வண்டி ஒன்றை இழுத்துச் சென்ற எஞ்சினில் இவ்வாறே நேர்ந்து, ஊழியர் மூவர் தீக்காயமடைந்தனர். அவ்விபத்தின் விசாரணைக்குப் பின் 1999இல் கூட்டாட்சி அரசு வெளியிட்ட திருத்திய விதிகள், எஞ்சின் ஓடிய நாள்கள் 1,472 ஆனாலோ 15 ஆண்டுகள் கடந்தாலோ, எது முந்துகிறதோ அப்போது கொதிகலனை முழுமையாகப் பிரித்து, தகடுகளின் கனத்தை இடம் இடமாக அளந்து கணக்குக் காட்ட வேண்டும் எனக் கூறுகின்றன. பொழுதுபோக்காகத் தொடங்கிய ஓர் ஈடுபாடு முறையான பொறியியல் ஒழுக்கமாக முதிர்ந்ததில் இவ்விதிகளுக்குப் பெரும் பங்கு உண்டு.

ஆனால் சீரமைப்பு என்பதே சரியா என்ற கேள்வியும் அருங்காட்சியியலாளரிடையே நெடுங்காலமாக உள்ளது. ஓடும் வண்டி தேயும். தேய்ந்த பாகம் மாற்றப்படும். மாற்றப்படுந்தோறும் பழைய பொருளில் பொதிந்திருந்த சான்று குறையும். 1829இல் ஸ்டீஃபன்சன்கள் உருவாக்கிய ‘ராக்கெட்’ எஞ்சின், பிற்காலத்தில் அதற்குச் செய்யப்பட்ட மாற்றங்களோடும் இழப்புகளோடும் கிடைத்த நிலையிலேயே காக்கப்பட, அது ஓடும் காட்சியை மக்கள் காண்பதற்கென 1979இல் தனியே ஒரு படி செய்யப்பட்டது. ஒரேயொரு பிரதி மட்டும் எஞ்சியிருக்கும் பொருளுக்கு அதுவே தகுந்த நெறி. ஆயினும் எல்லா வண்டிகளையும் அவ்வாறு கண்ணாடிக்குப் பின்னால் நிறுத்திவிட்டால், கேன்வாஸ் இழுக்கவும் தாங்கி வார்க்கவும் தெரிந்த கைகள் ஒரு தலைமுறையில் இல்லாமற்போகும். அத்திறனும் எரிந்துபோன பெட்டிகளைப் போலவே மீட்க முடியாத வரலாற்றுச் சான்றுதான். கழற்றிய பாகங்களைப் பாதுகாத்து, செய்த மாற்றங்களை எழுதி வைத்து, அதன்பின் ஓட்டும் தன்னார்வலரின் வழியே இவ்விரண்டில் நிறைவானது எனலாம்.

எந்த ஆண்டின் தோற்றத்துக்கு ஒரு வண்டியை மீட்பது என்பது இதிலும் நுட்பமான சிக்கல். நார்த் ஷோர் பாதைக்காக 1941இல் செயின்ட் லூயிஸ் நிறுவனம் கட்டிய இரண்டு ‘எலெக்ட்ரோலைனர்’ தொடர்கள் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. அடுத்தடுத்த பெட்டிகள் ஒரே டிரக்கின்மேல் பகிர்ந்து அமரும் இணைப்பமைப்பு கொண்ட அவை, சிகாகோவின் உயர்மட்டப் பாதையில் குறுகிய வளைவுகளைத் திரும்பி, வெளியூரில் மணிக்கு 80 மைலுக்கு மேற்பட்ட வேகத்தில் பாய்ந்து, மில்வாக்கியில் தெருவின் நடுவே டிராமைப் போல ஊர்ந்து சென்றன. 1963இல் பாதை மூடப்பட்டபின் இரண்டும் ஃபிலடெல்ஃபியாப் பகுதிக்கு விற்கப்பட்டு, ‘லிபர்ட்டி லைனர்’ என்ற புதுப்பெயருடனும் புது வண்ணத்துடனும் மேலும் பல ஆண்டுகள் அங்கே உழைத்தன. அவற்றுள் ஒன்று யூனியனுக்கு வந்து, பின்னாள் வண்ணம் களையப்பட்டு, 1941இன் நீலப்பச்சைத் தோற்றத்துக்குத் திரும்பியது. மற்றொன்று பென்சில்வேனியாவின் ராக்ஹில் டிராம் அருங்காட்சியகத்தில் லிபர்ட்டி லைனராகவே காக்கப்படுகிறது. இரு குழுக்களும் தத்தம் மண்ணின் நினைவைத் தேர்ந்துகொண்டதால், அவ்விரட்டை வண்டிகளின் இரண்டு வாழ்க்கைகளும் இன்று கண்ணால் காணக் கிடைக்கின்றன.