விரிதாளும் கேட் வரைபடமும்: கரிசல் வட்டாரத்தில் திறந்த மூல மென்பொருள்

அளவுகளைக் கணக்கிட உதவும் விரிதாளும், அந்த அளவுகளைக் கோடுகளாக்கும் கணினிவழி வடிவமைப்பு (கேட்) மென்பொருளும் தனித்தனியே பிறந்தவை. ஆனால் பொறியாளரின் மேசையில் இவை ஒரே வேலையின் இரு பாதிகள். உரிமம் வாங்கப் பணமில்லாத இடங்களிலும் இவ்விரண்டையும் சேர்த்துப் பயன்படுத்தத் திறந்த மூல மென்பொருள்கள் வழி செய்தன. மண்ணும் மழையும் புதுப்புதுக் கணக்குகளை எழுப்பும் கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், சாத்தூர் அடங்கிய கரிசல் வட்டாரத்தைக் கொண்டு இந்த வரலாற்றை எளிதில் விளங்கிக்கொள்ளலாம்.

கரிசல் எழுப்பும் கணக்கு

கரிசல் மண்ணிலுள்ள களிமண் நீரை உறிஞ்சி உப்பும். கோடையில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். இதன்மேல் ஆழமில்லாத அடித்தளத்தில் கட்டிய சுவர்கள் விரிசல் விடுவது வழக்கம். ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அடிப்பகுதி குமிழ்போல் விரிந்த 'அண்டர் ரீம்டு பைல்' அடித்தளத்தை இத்தகைய மண்ணுக்காகவே உருவாக்கியது.

இங்கு வேளாண்மையும் பெரும்பாலும் மானாவாரி. வடகிழக்குப் பருவமழையில் கிடைக்கும் நீரைத் தேக்கினால்தான் பயிர் தப்பும். கோவில்பட்டியில் வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் 1901-லேயே தொடங்கப்பட்டது. கண்மாய் தூர்வாரினாலும் பண்ணைக்குட்டை வெட்டினாலும் எத்தனை கன மீட்டர் மண் எடுக்க வேண்டும் என்பதே முதல் கேள்வி. கணினி வருவதற்கு முன் டம்பி லெவலில் எடுத்த மட்டங்கள் குறிப்பேட்டிலும், வரைபடம் டிரேசிங் தாளிலும், கன அளவு 'எம் புக்' எனப்படும் அளவுப் புத்தகத்திலும் இருந்தன. ஓர் அளவு மாறினால் எல்லாவற்றையும் கையால் திருத்த வேண்டும்.

இரு மென்பொருள்களின் பிறப்பு

தனிநபர் கணினிக்கான முதல் விரிதாளான விசிகால்க்கை டான் பிரிக்லினும் பாப் ஃபிராங்க்ஸ்டனும் 1979-இல் ஆப்பிள் 2 கணினிக்காக வெளியிட்டனர். ஆட்டோடெஸ்க் நிறுவனம் 1982-இல் ஆட்டோகேட்டை வெளியிட்டது. அதுவரை பெரும்பாலும் பெரிய கணினிகளில் நடந்த வரைகலை, மேசைக் கணினிக்கு இறங்கி வந்தது. கோவில்பட்டியில் தேசியப் பொறியியல் கல்லூரி 1984-இல் தொடங்கப்பட்டது.

இரண்டையும் இணைக்கும் பாலம் எளியது. ஆட்டோகேட் தன் கட்டளை வரியில் தட்டச்சிடும் ஆயத்தொலைவுகளை ஏற்கும். எனவே விரிதாளில் கிழக்குத் தொலைவை ஒரு நிரலிலும் வடக்குத் தொலைவை அடுத்த நிரலிலும் இட்டு, '&' குறியால் நடுவே ஒரு காற்புள்ளி வைத்து இணைத்தால் மூன்றாவது நிரலில் புள்ளிகள் தயாராகிவிடும். அந்த நிரலை நகலெடுத்துக் கோடு வரையும் கட்டளைக்குப் பின் ஒட்டினால் எல்லைக் கோடு தானே உருவாகும். நூறு புள்ளிகளை ஒவ்வொன்றாகத் தட்டச்சிடும் வேலையும் அதில் நேரும் பிழையும் இதனால் குறைந்தன. பின்னர் ஆட்டோகேட் 2008 பதிப்பு, எக்செல் அட்டவணையை வரைபடத்துடன் நேரடியாக இணைக்கும் வசதியைத் தந்தது. ஆனால் அந்த வழியில் செல்ல இரண்டு உரிமங்கள் தேவைப்பட்டன.

திறந்த மூலத்தின் வருகை

சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1999-இல் ஸ்டார் ஆபிஸை வாங்கி, 2000-இல் அதன் மூலநிரலைத் திறந்துவிட்டது. அதிலிருந்து ஓப்பன் ஆபிஸும், 2010-இல் அதிலிருந்து பிரிந்து லிப்ரெ ஆபிஸும் வளர்ந்தன. இரண்டிலும் உள்ள விரிதாளின் பெயர் கால்க். வரைகலைப் பக்கம், கியூகேட்டிலிருந்து பிரிந்த லிப்ரெகேட் இருபரிமாண வரைவுக்கும், 2002 முதல் வளர்ந்த ஃப்ரீகேட் முப்பரிமாண வடிவமைப்புக்கும் பயன்பட்டன. மேலே சொன்ன '&' முறை கால்க்கிலும் லிப்ரெகேட்டிலும் அப்படியே வேலை செய்கிறது.

தமிழ்நாட்டில் எல்காட் நிறுவனம், சி. உமாசங்கர் மேலாண்மை இயக்குநராக இருந்தபோது, லினக்சுக்கும் ஓப்பன் ஆபிஸுக்கும் மாறியது. 2011-இல் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. 2018-இல் வந்த பதினொன்றாம் வகுப்புப் புதிய பாடநூல்களில் ஓப்பன் ஆபிஸ் கால்க் பாடமாகவே இடம்பெற்றது. மும்பை ஐஐடியின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டம் லிப்ரெ ஆபிஸ் பாடங்களைத் தமிழிலும் தருகிறது. இவற்றால் கல்லூரியில் கேட் படிக்கச் செல்லும் மாணவர் பலருக்கு விரிதாள் முன்பே அறிமுகமாகியிருந்தது.

ஒரு பண்ணைக்குட்டையின் கணக்கு

மேல்மட்டத்தில் 30 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும், 2 மீட்டர் ஆழமும் கொண்ட குட்டை ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். நீளம், அகலம், ஆழம் மூன்றையும் பெருக்கினால் 1,800 கன மீட்டர். ஆனால் கரை சரியாமல் இருக்க ஒன்றரைக்கு ஒன்று என்ற சரிவு விட்டால், அடிமட்டம் 24 மீட்டர் சதுரமாகக் குறையும். மேல், நடு, அடிப் பரப்புகளைக் கொண்டு கணக்கிடும் பிரிஸ்மாய்டல் சூத்திரப்படி சரியான கன அளவு 1,464 கன மீட்டர்தான். வேறுபாடு 336 கன மீட்டர். வெட்டுக்கூலி கன மீட்டருக்கு இவ்வளவு எனப் பேசப்பட்டால், எடுக்காத அந்த மண்ணுக்கும் சேர்த்துப் பணம் போகும்.

ஃப்ரீகேட்டில் 2015-இல் விரிதாள் பகுதி சேர்க்கப்பட்டது. அதில் ஒரு கட்டத்துக்குப் பெயரிட்டு, அந்தப் பெயரையே வடிவத்தின் அளவாகக் கொடுக்கலாம். ஆழக் கட்டத்தில் 2-ஐ 2.5 ஆக்கினால் குட்டையின் படமும் மாறும். கன அளவும் சுமார் 1,734 கன மீட்டராக மாறும். படமும் கணக்கும் ஒன்றுக்கொன்று சாட்சியாக நிற்கின்றன. கால்க்கில் செய்த அட்டவணையை சிஎஸ்வி கோப்பாகச் சேமித்து ஃப்ரீகேட்டில் ஏற்றவும் முடியும்.

எல்லைகளும் எச்சரிக்கைகளும்

நில அளவையில் வடக்குத் தொலைவை முதலில் எழுதும் வழக்கம் உண்டு. கேட் மென்பொருளோ கிழக்கை முதலில் எதிர்பார்க்கும். நிரல்கள் இடம் மாறினால் மனை கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பிவிடும். ஃப்ரீகேட் உள்ளே மில்லிமீட்டரில் கணக்கிடுவதால் அலகைக் கவனிக்காவிட்டால் மீட்டர்கள் ஆயிரம் மடங்கு சுருங்கும். அலுவலகங்களில் பரவலாக உள்ள டிடபிள்யூஜி கோப்பு மூடிய வடிவம். லிப்ரெகேட் டிஎக்ஸ்எஃப் வடிவில்தான் சேமிக்கும் என்பதால் கோப்புப் பரிமாற்றத்தில் சிக்கல்கள் எழுகின்றன. வணிக கேட் மென்பொருள் மாணவருக்கு இலவசமாகக் கிடைத்தாலும், அந்தக் கல்வி உரிமத்தைக் கொண்டு தொழில் செய்ய இயலாது.

படிப்பு முடிந்து சொந்த ஊரில் தொழில் தொடங்கும் இளம் பொறியாளருக்குத் திறந்த மூல மென்பொருளின் பயன் இங்கேதான் தெரிகிறது. கற்ற கருவி உரிமத்தோடு காலாவதியாகிவிடுவதில்லை. குட்டை வெட்டும் விவசாயியின் வீட்டு மாணவரும் அதே கோப்பைத் திறந்து கன அளவைச் சரிபார்க்க முடியும்.