கோகினூர் இழந்த உரு

கோகினூர் யாருக்கு உரியது என்று ஓயாமல் வழக்காடுகிறோம். கடல் கடந்தபின் அக்கல்லுக்கு நேர்ந்ததை அவ்வளவாகப் பேசுவதில்லை. இலண்டன் கோபுரத்தில் இன்றிருப்பது ரஞ்சித் சிங் தம் புயத்தில் அணிந்த அதே வைரம், அதே வடிவமன்று.

1849இல், பத்து வயதுச் சிறுவரான துலீப் சிங்கிடமிருந்து லாகூர் உடன்படிக்கையின்படி அது பறிக்கப்பட்டது. 1851இல் ஹைட் பூங்காப் பெருங்கண்காட்சியில் வைக்கப்பட்டபோது, வெறும் கண்ணாடித் துண்டு போலிருக்கிறதே என்று பார்த்தவர்கள் முகம் சுளித்தனர்.

அவர்கள் எதிர்பார்த்தது ஐரோப்பாவின் ‘பிரில்லியண்ட்’ வெட்டு. அதில் மேலிருந்து புகும் ஒளி, அடிப்புறத்துச் சாய்ந்த பட்டைகளில் பட்டு எதிரொளித்து மீண்டும் மேலே வரும். அந்தச் சாய்வுக் கணக்கிற்காகக் கல்லின் பெரும்பகுதியைத் தேய்த்தெறிய வேண்டும். முகலாயர் காலப் பட்டறைகளின் நோக்கம் வேறு. கல்லின் இயற்கையுருவைத் தழுவி, குறையுள்ள இடங்களில் மட்டும் சிறுசிறு பட்டைகள் தீட்டி, எடையைக் காப்பதே அங்கே திறமை. நம் இரத்தினப் பரீட்சை நூல்களும் ஆறு முனை, எட்டு முகம், பன்னிரண்டு விளிம்பு கொண்ட இயற்கைப் படிகத்தையே உத்தம வைரம் என்கின்றன. ஆகவே மங்கலாகத் தெரிந்தது கைவினைக் குறையன்று, வேறொரு மதிப்பீடு.

விக்டோரியாவின் கணவர் ஆல்பர்ட்டுக்கு அது குறையாகவே பட்டது. 1852 ஜூலையில், ஆம்ஸ்டர்டாமிலிருந்து வந்த கைவினைஞர்கள் நீராவிப் பொறியைக் கொண்டு தீட்டத் தொடங்கினர். வாட்டர்லூவை வென்ற முதிய வெலிங்டன் கோமகன்தாம் தொடங்கி வைத்தார் (வைரத்திற்கும் தளபதிக்கும் என்ன தொடர்போ!). 38 நாள் வேலை, 8,000 பவுண்டு செலவு. இன்றைய அளவில் ஏறத்தாழ 191 காரட்டாக இருந்த கல் 105.6 ஆயிற்று. நூல்களில் காணும் 186 என்பது பழைய ஆங்கிலக் காரட் கணக்கு.

இதற்கு இரு நூற்றாண்டு முந்தைய நிகழ்ச்சியொன்றைத் தவெர்னியே எழுதிவைத்திருக்கிறார். ‘பெரும் முகலாயன்’ எனப்பட்ட வைரத்தை வெனிஸ் நகரத்து ஓர்தென்சியோ போர்ஜியோ தேய்த்தே பெரிதும் குறைத்துவிட்டார். முகலாய மன்னர் அவருக்குக் கூலி கொடுக்கவில்லை. 10,000 ரூபாய் தண்டம் விதித்தார். டில்லியில் குற்றமானது இலண்டனில் ஊதியம் பெற்றது.

கோகினூரின் பழைய பட்டைகளை ஆராய விரும்புவோர்க்கு இன்று எஞ்சியிருப்பவை, தேய்ப்பதற்கு முன் எடுத்த சாந்து அச்சும் சில வரைபடங்களுமே.