வண்டை அழைக்கும் வாளி

மேல்விளிம்புக்குக் கீழே நாலு புறமும் துளையிட்ட ஒரு பிளாஸ்டிக் வாளி. வண்டு பற்றி ஏறுவதற்காக வெளியே சாக்கு சுற்றியிருக்கும். உள்ளே கொஞ்சம் தண்ணீர், நசுக்கிய தென்னம் மட்டைத் துண்டுகள். மூடியின் அடியில் கம்பியில் தொங்கும் சிறு பொதி. தென்னையைக் கொல்லும் செவ்வண்டைப் பிடிக்கும் பொறி இவ்வளவுதான். இதற்குள் இருப்பது அடிபட்ட தென்னையின் வாசனை. அதைப் படித்தறிந்ததில் இலங்கைக்கும் பெரிய பங்குண்டு.

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் எழுவான்கரை மணலில் தென்னையில்லாத வளவைக் காண்பது அரிது. 1978 நவம்பர் 23 சூறாவளி இந்தத் தென்னைகளைக் கூட்டங் கூட்டமாகச் சாய்த்துப் போட்டது. அப்படிச் சாய்ந்த மரங்கள் மக்கிக் கிடந்தால் கருவண்டு என்ற இன்னொரு வண்டு அதில் முட்டையிட்டுப் பெருகும். கருவண்டு குருத்தைக் குடைந்துவிட்டுப் போன காயத்தில் செவ்வண்டு வந்து முட்டையிடும். விழுந்த மரங்களுக்குப் பதிலாக நட்ட கன்றுகளோ, செவ்வண்டு அதிகம் நாடும் இளவயதுக்குள் ஒன்றாகவே நுழைந்தன. இருபது வயதைத் தாண்டி வைரமேறிய மரத்தை அது பெரும்பாலும் தேடுவதில்லை.

செவ்வண்டின் அலகு நீளமானது, வளைந்தது. ஆணின் அலகின் மேல் தூரிகைபோல் மயிர்க்கற்றை இருக்கும். பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும் முற்றிய தண்டைத் துளைத்துத் தானே வழி திறப்பது அதற்குக் கடினம். கருவண்டின் ஓட்டை, அறுத்த மட்டையின் பச்சைக் காயம், ஏறுவதற்காகத் தண்டில் வெட்டிய படி, மண்வெட்டி பட்ட அடிமரம் என்று ஏற்கெனவே திறந்திருக்கும் இடத்தைத்தான் பெண் வண்டு தேடுகிறது. ஒரு பெண் வண்டு இருநூறு, முந்நூறு முட்டைகள்கூட இடும். புழு உள்ளேயே தின்று வளர்ந்து, நாரைச் சுற்றிக் கூடு கட்டி, மூன்று நான்கு மாதங்களில் வண்டாக வெளியே வரும். மரத்தில் காதை வைத்தால் கறகறவென்று அரைக்கும் சத்தம் கேட்கும். துளையில் கபில நிறச் சாறு வடியும். அது கண்ணில் படும்போது பெரும்பாலும் மரம் கைவிட்டுப் போயிருக்கும்.

காயத்தை வண்டு எப்படிக் கண்டுபிடிக்கிறது? வெட்டிய தென்னையும் புளித்த கள்ளும் வண்டை வரவழைக்கும் என்பது தென்னைக்காரர்கள் நெடுங்காலமாகக் கண்டது. கேரளத்தில் தென்னந்தடியைப் பிளந்து, அதில் கள் பூசித் தோட்டத்தில் போட்டு வண்டு பிடித்தார்கள். கள்ளில் இருக்கும் அல்ககோலின் வாசனையா, மரத்தின் வாசனையா, எது இழுக்கிறது என்று பிரித்துப் பார்க்கும் வேலை இலங்கையில் நடந்தது. எதைல் அல்ககோல் செவ்வண்டை ஈர்க்கும் முக்கியமான பொருள் என்று 1986இல் இலங்கை விஞ்ஞான முன்னேற்றச் சங்கத்தின் அமர்வில் குணதிலக்கவும் குணவர்தனவும் அறிவித்தார்கள். களனிப் பல்கலைக்கழக இரசாயனவியலாளர் நீலகாந்தி குணவர்தன அதோடு நிற்கவில்லை. ஜேர்மன் ஆய்வாளர்களுடன் சேர்ந்து, புதிதாக வெட்டிய இளந்தென்னைப் பட்டையிலிருந்து எழும் மணத்தை ஆராய்ந்து, வண்டின் உணர்கொம்பு எந்தப் பொருளுக்குத் துடிக்கிறது என்று மின்கருவியில் அளந்து, 1998இல் வெளியிட்டார்.

மரத்தின் வாசனை கதையின் பாதிதான். காயத்தில் வந்து உண்ணத் தொடங்கும் ஆண் வண்டு தானும் ஒரு மணத்தை வெளிவிடுகிறது. அதற்கு ஆணும் பெண்ணும் சேர்ந்தே வருகின்றன. கனடாவின் சைமன் பிரேசர் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் இந்தோனேசிய ஆய்வாளர்களும் 1993இல் அந்தப் பொருளை இனங்கண்டு பெருஜினியோல் என்று பெயரிட்டார்கள். இரண்டே ஆண்டில் குணவர்தனவும் பண்டாரகேயும் அதை இங்கேயே தொகுத்துத் தோட்டத்தில் வைத்துப் பார்த்தார்கள். வாளியில் தொங்கும் பொதிக்குள் இருப்பது அதுதான். பொதியை மட்டும் தொங்கவிட்டால் வண்டு குறைவாகவே விழும். பச்சை மட்டையோ புளிக்கும் பழமோ கூட இருந்தால்தான் இரண்டு மணமும் சேர்ந்து இழுக்கும். விழுபவற்றில் பெண் வண்டுகளே அதிகம் என்பதில்தான் இந்தப் பொறியின் பெறுமதி இருக்கிறது. விழும் ஒவ்வொரு பெண்ணோடும் அது இடவிருந்த முட்டைகளும் போகின்றன.

1980களின் நடுவில் இந்த வண்டு நமது ஆசிய மண்ணிலிருந்து மரக்கன்றுகளோடு வளைகுடாவுக்குப் போய்ச் சேர்ந்தது. பேரீச்சைக்கு அது புதிய பகை. 1990களில் எகிப்துக்கும் ஸ்பெயினுக்கும் பரவியது. 2017இல் உலக உணவு விவசாய அமைப்பு இதற்காகவே ரோமில் நாடுகளைக் கூட்டியது. மட்டக்களப்பிலிருந்து எத்தனையோ பேர் உழைக்கப் போன அதே வளைகுடா நாடுகளில், இன்று பேரீச்சைத் தோட்டங்களில் இதே வாளிகள்தான் நிற்கின்றன.

வாளியை எங்கே வைப்பது என்பதில்தான் அதிகம் கவனம் வேண்டும். இளந்தென்னையில் கட்டித் தொங்கவிட்டால், வாளிக்குள் விழாத வண்டுக்கு அந்த மரத்தையே காட்டிக்கொடுத்தது போலாகும். தனிக் கம்பம் நட்டு, கன்றுகளிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். தண்ணீர் வற்ற விடக்கூடாது. மட்டைத் துண்டுகளை அடிக்கடி மாற்ற வேண்டும். வளவுக்கு வளவு வேலிதான் எல்லை என்றிருக்கும் எழுவான்கரையில் ஒருவர் மட்டும் வாளி வைத்தால் அயல் வளவு வண்டுகளும் அங்கேதான் திரளும். ஆகவே ஊராகச் சேர்ந்து வைப்பதே சரியென்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

வாளி வைத்தாலும் காயம் படாமல் பார்ப்பதை விடமுடியாது. பச்சை மட்டையைத் தண்டோடு ஒட்ட அறுக்காமல் ஒரு மீற்றராவது விட்டு அறுத்தால், அதில் பொரித்த புழு தண்டுக்குள் போய்ச் சேருவது கடினம். தண்டில் காயம் பட்டால் அன்றைக்கே தார் பூச வேண்டும். வளவு மூலையில் மக்கும் சாணிக் குவியலைக் கிளறிக் கருவண்டுப் புழுக்களைப் பொறுக்க வேண்டும். செத்த மரத்தைத் தறித்து அப்படியே போட்டுவிட்டால் உள்ளிருக்கும் கூடுகளிலிருந்து வண்டுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்துகொண்டிருக்கும். தடியைப் பிளந்து, வட்டுப் பகுதியைத் துண்டு துண்டாக்கி, அன்றே எரித்துவிட வேண்டும்.