வேட்டை ஓய்ந்த நாட்களில்

வேட்டையாடி வாழ்ந்த மக்களின் வரலாற்றை எழுதுவோர், பெரும்பாலும் வேட்டைக் களத்தையே எழுதுகின்றனர். குறி தவறாத கையும் பாய்ந்து சென்ற ஈட்டியும் நம் கண்முன் நிறுத்தப்படுகின்றன. வேட்டை ஓய்ந்த மாதங்களில் அந்த ஈட்டி எங்கே இருந்தது, அதைப் பழுது பார்த்தவர் யார், எந்த எண்ணத்தோடு அதைப் பேணினர் என்று கேட்போர் மிகச் சிலரே. ஆனால் ஒரு மக்களினத்தின் உள்ளத்தை அறிய அந்த ஓய்வு மாதங்களே நமக்குப் பெரிதும் துணை செய்கின்றன. அலாஸ்காவின் யூப்பிக் மக்கள் இதற்கு நல்ல சான்று.

யூக்கான், கஸ்கோக்விம் என்னும் இரு பேராறுகள் பெரிங் கடலில் கலக்கும் தாழ்நிலமே அவர்களது தாயகம். கடலோரத்தில் மரங்கள் வளர்வதில்லை. ஆற்று வெள்ளம் அடித்துக்கொண்டு வரும் கட்டைகளே அவர்களுக்குக் கிடைத்த மரம். சீல் எனப்படும் கடல்நாய் அவர்களுக்கு உணவும் உடையும் விளக்குக்கு எண்ணெயும் தந்தது. இளவேனிலில் பனிக்கட்டி உடையத் தொடங்கியதும் கடல்நாய் வேட்டை மும்முரமாகும்; கோடையில் மீன்பிடிப்பு. குளிர்காலத்தில் கடல் உறைந்துவிட, கயாக் என்னும் தோற்படகுகள் கரையேறும்.

கரையேறிய படகை மண்ணில் விட்டுவைக்க இயலாது. வண்டி இழுக்கும் நாய்கள் பசித்தால் படகின் தோலையே கடித்துத் தின்றுவிடும். ஆகவே உயரமான மரச் சட்டங்களின் மேல் அதை ஏற்றி வைத்தனர். ஆணியே இல்லாமல் தோல் வாரினால் கட்டப்பட்ட அதன் எலும்புக்கூடு, உரியவனுடைய கைகளாலும் விரல்களாலும் அளந்து செய்யப்பட்டது. போர்த்திய தோல் நாளடைவில் நைந்துபோகும்; அப்போது புதுத் தோல் தைத்துப் போர்த்த வேண்டும். அது பெண்களின் பணி. இரு தோல்கள் சேரும் இடத்தில் ஊசி தோலை முழுவதும் துளைத்து மறுபுறம் வராதபடி, விலங்கின் தசைநாரால் தைத்தனர். ஒரு தையல் பிசகினால் நீர் கசியும். பனிக்கடலில் அது உயிருக்கே முடிவு.

மழையையும் அலையையும் தடுக்க, கடல்நாயின் குடலைக் காயவைத்துத் தைத்த மெல்லிய மேலாடை இருந்தது. ஈரத்தில் அது துணிபோல் துவளும். காய்ந்தாலோ சருகுபோல் நொறுங்கும். ஆதலால் மடித்து வைத்ததை மீண்டும் எடுக்கும்போது முதலில் நீர் தெளித்து நெகிழச் செய்தனர். பொருளின் இயல்பறிந்து பழகிய கைகளுக்கே அது வசப்படும்.

ஆண்களின் பணி ‘காஸ்கிக்’ என்ற பொது இல்லத்தில் நடந்தது. பாதி நிலத்துள் புதைந்த அந்தக் கட்டடத்தில், எண்ணெய் விளக்கின் ஒளியில், முதியோர் பழங்கதை சொல்ல, ஈட்டித் தண்டுகள் நேராக்கப்பட்டன. வால்ரஸ் தந்தத்தாலான முனைகள் செதுக்கப்பட்டன. சிறுவர் பார்த்துப் பார்த்துக் கற்றனர். ஈட்டியின் தலைப்பகுதியை வேட்டை விலங்கின் முகமாகச் செதுக்குவதும் உண்டு. இந்த அழகு வெறும் அலங்காரத்துக்காக அன்று. தூய்மையும் அழகும் உள்ள கருவியை உடையவனிடமே கடல்நாய் தன்னைத் தர விரும்பி வரும் என அவர்கள் நம்பினர். கருவியை அழுக்கோடு போட்டு வைப்பது, வரவிருக்கும் விருந்தினரை அவமதிப்பதற்கு ஒப்பாகும்.

அந்த நம்பிக்கையின் உச்சமாகக் குளிர்காலத்தின் இருண்ட நாட்களில் சிறுநீர்ப்பைத் திருவிழா நடைபெற்றது. கொன்ற கடல்நாயின் உயிர் அதன் சிறுநீர்ப்பையில் தங்கியிருப்பதாகக் கருதி, ஆண்டு முழுவதும் அவற்றைச் சேமித்து வைத்தனர். விழா நாட்களில் அவற்றை ஊதிக் காஸ்கிக்கில் தொங்கவிட்டுச் சிறப்புச் செய்தனர். காட்டுச்செடி ஒன்றின் தண்டை எரித்து அதன் புகையால் தூய்மை செய்தனர். இறுதியில் பனிக்கட்டியில் துளையிட்டு அவற்றைக் கடலுக்கே திருப்பி அனுப்பினர். மறுபடியும் உடலெடுத்து வாருங்கள் என்பது அதன் பொருள்.

இம்மக்களிடையே 1877 முதல் 1881 வரை செயின்ட் மைக்கேலில் வானிலை நோக்கராக இருந்த எட்வர்ட் நெல்சன், ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்காகப் பழம்பொருள்களை வாங்கிச் சேர்த்தார். உதவாப் பொருள்களை விலைக்கு வாங்குகிறவர் என்று மக்கள் அவருக்குப் பெயரிட்டனர். 1882-83இல் யோகான் அத்ரியான் யாக்கப்சன் பெர்லின் அருங்காட்சியகத்துக்காகப் பெருந்தொகையான பொருள்களைச் சேகரித்தார்.

பின்னர் பேரிடர் வந்தது. 1900இல் சளிக்காய்ச்சலும் தட்டம்மையும் ஒருசேரத் தாக்கி ஊர் ஊராக மக்களை மாய்த்தன. கதை சொல்லிக் கற்பித்த முதியோர் பலர் மறைந்தனர். மறைபரப்புப் பணியாளரும் அக்காலத்தில் அங்கே வந்திருந்தனர். மொராவியச் சபையினர் 1885இல் பெத்தேலில் பணி தொடங்கினர். நம் இயேசு சபைக் குருக்கள் 1888இல் யூக்கான் கரையில் ஹோலி கிராஸ் பணித்தளத்தை நிறுவினர். நோயுற்றோரைப் பேணியவர்களும் அநாதைகளுக்குத் தாய் தந்தையானவர்களும் அவர்களுள் உண்டு. ஆயினும் முகமூடி நடனங்களையும் பழைய விழாக்களையும் அவர்கள் பெரும்பாலும் பொய்வழிபாடு என்றே கண்டு எதிர்த்தனர். படைப்பை மதித்து, பெற்றதற்கு நன்றி கூறும் உள்ளம் அவற்றினுள் இருந்ததை அன்று பலர் காணவில்லை. இதை ஒப்புக்கொள்வது நமக்கு இழுக்கன்று, மறைப்பதே இழுக்கு. சிறுநீர்ப்பைத் திருவிழா 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் படிப்படியாக நின்றுபோயிற்று.

1997இல் யூப்பிக் முதியோர் சிலர் பெர்லினுக்குப் பயணம் செய்தனர். யாக்கப்சன் கொண்டுசென்ற பொருள்கள் அங்கே இருந்தன. ஈரப்பதமும் வெளிச்சமும் அளந்து பேணும் அருங்காட்சியகத்தில், பேணுதலுக்குக் குறைவில்லை. ஆனால் ஒரு கருவியைக் கையில் எடுத்து, ‘இதை எப்படிப் பிடிப்பது, எப்படிச் செய்வது’ என்று சொல்ல உரியவர் அதுவரை வந்ததில்லை. முதியோர் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துத் தம் மொழியில் விளக்கினர். அவை பதிவு செய்யப்பட்டன. பொருள்களைத் திரும்பக் கேட்பதற்காக அவர்கள் போகவில்லை. அவற்றில் உறைந்திருந்த அறிவைத் தம் இளைஞருக்கு எடுத்துச் செல்லவே போயினர்.

1972இல் இயற்றப்பட்ட அமெரிக்கக் கடல் பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டம், கடலோரத்தில் வாழும் அலாஸ்கா முதுகுடியினர் தம் வாழ்வுக்காகக் கடல்நாய் வேட்டையாட இடமளிக்கிறது. இன்று அவர்களிடம் இருப்பவை அலுமினியப் படகும் துப்பாக்கியும். உப்புக் காற்று இவற்றையும் அரிக்கும். இவற்றையும் துடைத்து வைத்தே ஆக வேண்டும்.

பூட்டிய பேழையில் ஒரு பொருள் கெடாமல் கிடக்கலாம். அதை அடுத்த வேட்டைக்கு ஆயத்தம் செய்யும் கையும், எதற்காக ஆயத்தம் செய்கிறோம் என்று சொல்லித் தரும் நாவும் இருக்கும்வரையே அது ஒரு மக்களின் உடைமையாக இருக்கும். நம் முன்னோர் நம்மிடம் விட்டுச் சென்றவற்றை நாம் எவ்வாறு வைத்திருக்கிறோம்? பேழையில் பூட்டியா, பிள்ளைகளின் கையில் கொடுத்தா? வேட்டை ஓய்ந்த நாட்களில் விளக்கடியில் அமர்ந்திருந்த அந்த முதியோரை நினைக்கும்போது, இக்கேள்வி நம்மையும் தொடுகிறது.