தாய் சொன்ன கதையும் தணலில்லாச் சட்டியும்



‘ஆக்கப் பொறுத்தவர்க்கு ஆறப் பொறுக்கவில்லை’ என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. ஆறுவதற்கு வேண்டிய பொறுமையைப் பற்றிப் பேசும் அப்பழமொழி, ஆக்குவதற்கும் பொறுமை வேண்டும் என்பதைப் போகிற போக்கில் ஒப்புக்கொண்டு விடுகிறது. அந்த ஆக்கப் பொறுத்தலின் வரலாற்றை, அடுப்பங்கரையில் இருக்கும் ஒரு பாத்திரத்தின் வாயிலாக இன்று உங்கள்முன் எடுத்துரைக்க விரும்புகின்றேன். அரசர்தம் போர்களையும் உடன்படிக்கைகளையும் நெடுங்காலம் மாணவர்க்குப் படிப்பித்தவனுக்குச் சட்டியும் பானையும் எதற்கு என நீங்கள் வினவலாம். மக்கள் எவ்வாறு வாழ்ந்தனர், எதற்கு அஞ்சினர், எதைப் போற்றினர் என்பவற்றை அறிய, அரண்மனை ஏடுகள் சொல்லாத சிலவற்றைச் சட்டியும் பானையும் சொல்லும் என்பதே என் விடை.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நடுமேற்கு மாநிலங்களிலே ஒரு குடும்பத்தின் காலைப்பொழுதை மனக்கண்முன் கொண்டு வாருங்கள். கணவனும் மனைவியும் வேலைக்குப் புறப்பட வேண்டும். பிள்ளைகள் பள்ளிக்கூடம் செல்ல வேண்டும். அவசரம் மிகுந்த அந்த வேளையில், அவ்வீட்டுத் தலைவி ஒரு மின்சாரச் சட்டியின் அடியில் வெங்காயத்தை அரிந்து பரப்புகிறாள். ‘போர்க் சொப்ஸ்’ எனப்படும் எலும்போடு கூடிய பன்றியிறைச்சித் துண்டங்களை அதன்மேல் அடுக்குகிறாள். தகரத்திலடைத்த காளான் சூப்பை ஊற்றி, மூடியிட்டு, விசையைத் திருப்பிவிட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு போய்விடுகிறாள். மாலையில் எல்லோரும் வீடு திரும்புகையில், வாசலிலேயே மணம் அவர்களை எதிர்கொள்ளுகிறது. தொட்டால் எலும்பினின்றும் கழலும் பதத்தில் இறைச்சி வெந்திருக்கிறது. ஆங்கிலத்திலே ‘ஸ்லோ குக்கர்’ என வழங்கும் அப்பாத்திரத்தை நாம் மென்சூட்டுச் சட்டி என்று அழைப்போம்.

அதன் அமைப்பு மிக எளியது. மெருகிட்ட கனத்த மண்சட்டி ஒன்று உள்ளே. உலோகக் கூடு ஒன்று வெளியே. இரண்டுக்கும் இடையில், சட்டியின் பக்கங்களைச் சூழ்ந்து மின்கம்பிகள் செல்லுகின்றன. சூடு அடியிலிருந்து மட்டும் தாக்காது நாற்புறமும் அணைத்து நிற்பதால், கிளறுவார் இல்லாத போதும் உணவு அடிப்பிடிப்பதில்லை. அது எடுக்கும் மின்சாரமும் சிறிது. பழைய காலத்து மின்குமிழ் ஒன்றிரண்டு எரிவதற்கு வேண்டிய அளவே ஆகும்.

இப்பாத்திரத்தை வேலை அவசரத்தின் குழந்தை என்றே பலரும் எண்ணுவர். உண்மையில், இது ஓய்வின் குழந்தை. அதன் பிறப்பைக் காணச் சிக்காகோ நகரை விட்டு, கிழக்கு ஐரோப்பாவில் லித்துவேனியா நாட்டிலுள்ள வில்னா நகரத்துக்கு நாம் செல்ல வேண்டும். வில்னியஸ் என இன்று வழங்கும் அந்நகரம், யூதர்களின் கல்விச் சிறப்பினாலே ‘லித்துவேனியாவின் எருசலேம்’ என ஒரு காலத்திற் புகழப்பெற்றது.

யூத சமயத்தினருக்கு வெள்ளிக்கிழமை சூரியன் மறைவது முதல் சனிக்கிழமை இரவு தோன்றும் வரை ஓய்வுநாள் ஆகும். அந்நாளில் வீடுகளில் நெருப்பு மூட்டலாகாது என்பது அவர்களுடைய வேதத்தின் கட்டளை. எனினும், ஓய்வுநாள் துயரநாளன்று. அன்று சூடான உணவு உண்டு மகிழ வேண்டும் என்பதும் அவர்தம் மரபு. மூட்டாத நெருப்பில் சூடான உணவு பெறுவது எங்ஙனம்? இச்சிக்கலுக்கு அவர்கள் கண்ட விடையே ‘சோலண்ட்’ என்னும் கூட்டுணவு. இறைச்சி, அவரை விதை, வாற்கோதுமை, உருளைக்கிழங்கு ஆகியவற்றை ஒரு சட்டியிலிட்டு, வெள்ளிக்கிழமை பொழுது சாயுமுன் சூட்டில் வைத்துவிடுவர். ஊர்ப் பாண் போறணைக்கு அச்சட்டியை அனுப்பிவைப்போரும் உளர். ஓய்வுநாளின் பொருட்டுப் போறணைக்காரர் வேலையை நிறுத்திவிடுவார். ஆயினும் போறணையின் சூடு உடனே தணிந்துவிடாது. இரவு முழுவதும் மெல்ல மெல்லக் குறைந்துவரும் அச்சூட்டிலே, எவர் கையும் படாமல் உணவு பக்குவப்பட்டிருக்கும். வட ஆபிரிக்காவில் வாழ்ந்த யூதர்களும் இத்தகைய உணவொன்றை வேறு பெயரிட்டு ஆக்கி வந்தனர்.

அடங்கிய சூட்டைப் பயன்படுத்தும் அறிவு ஓரினத்தார்க்கு மட்டும் உரியதன்று. 1867 ஆம் ஆண்டு பாரிஸ் மாநகரில் நடைபெற்ற உலகப் பொருட்காட்சியில், நோர்வே நாட்டிலிருந்து வந்த சமையற் பெட்டி ஒன்று வைக்கப்பட்டிருந்தது. கொதிக்கவைத்த பாத்திரத்தைச் சூடு கசியாத அப்பெட்டியினுள் வைத்து மூடினால், மேலும் எரிபொருளின்றியே உணவு வெந்துவிடும். வைக்கோல் திணித்த பெட்டியிலே இவ்வாறு சமைக்கும் முறை, இரண்டாம் உலகப் போர்க்கால எரிபொருட் பஞ்சத்தில் பிரித்தானிய இல்லங்களுக்குப் பெரிதும் உதவிற்று.

வில்னா நகரில் அவ்வாறு போறணைக்குச் சட்டி அனுப்பிய இல்லமொன்றிலே தமரா என்னும் பெண் வளர்ந்தாள். பின்னர் அவள் அமெரிக்காவிற் குடியேறினாள். அவளுக்கு 1902 ஆம் ஆண்டு நியூ ஜேர்சி மாநிலத்திற் பிறந்த மகனே ஏர்விங் நாகும்சோன். மின்பொறியியல் அறிந்து சிக்காகோவிலே பல கருவிகளை ஆக்கிய அவர், தாய் சொன்ன போறணைக் கதையை மறந்தாரில்லர். அணைந்துவரும் போறணையின் சூட்டை மின்சாரத்தால் ஆக்கிக்காட்ட இயலுமா என ஆராய்ந்தார். 1936 ஆம் ஆண்டு தம் சமையற் கருவிக்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்தார். 1940 ஆம் ஆண்டு தை மாதத்தில் அவ்வுரிமை அவருக்குக் கிடைத்தது. பின்னாளில் அவர் தம் குடும்பப்பெயரை நக்சன் எனச் சுருக்கிக்கொண்டார்.

நேயர்களே, இங்கே நாம் சற்று நின்று ஆண்டுகளை ஒப்புநோக்க வேண்டும். காப்புரிமை கிடைத்தது 1940 இல். 1941 ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் நாசிப் படைகள் வில்னாவைக் கைப்பற்றின. நகரையடுத்த பொனாரிக் காட்டிலே மக்கள் கூட்டங்கூட்டமாகச் சுட்டுக் கொல்லப்பட்டனர். 1944 ஆம் ஆண்டு போர்மேகம் அங்கே கலைந்தபோது, வில்னா யூதர்களிற் பெரும்பாலோர் உயிரோடில்லை. வெள்ளிக்கிழமை மாலைகளில் போறணைக்குச் சட்டி சுமந்த குடும்பங்கள் மறைந்தன. அவ்வழக்கத்தைத் தாங்கிநின்ற தெருவாழ்க்கை மறைந்தது. ஆனால், அந்த அடங்கிய சூட்டின் நுட்பமோ, கடல் கடந்து சென்ற ஒரு தாயின் நாவிலே ஏறி, மகனுடைய பொறியிற் சென்று தங்கிவிட்டது. கட்டடங்களை எரிக்கலாம், ஏடுகளை எரிக்கலாம், அடுக்களையில் மகனுக்குச் சொன்ன கதையை எரித்தல் எளிதன்று.

நக்சன் தம் சட்டியை அவரை விதை வேகவைக்கும் கருவியாகவே விற்று வந்தார். அதற்குப் பெரும்புகழ் கிட்டவில்லை. 1970 ஆம் ஆண்டு, கன்சாஸ் நகரத்து ‘ரைவல்’ நிறுவனம் அவருடைய தொழிலை விலைக்கு வாங்கிற்று. அந்நிறுவனத்தின் மனையியல் வல்லுநர் ஆராய்ந்தபோது, இச்சட்டி இறைச்சியையும் குழம்பையும் நன்கு சமைக்கும் எனக் கண்டனர். வடிவத்தைத் திருத்தி, சமையற் குறிப்பு நூலொன்றையும் சேர்த்து, ‘குறொக் பொட்’ என்னும் பெயரால் 1971 இல் சந்தைக்குக் கொண்டு வந்தனர். சில ஆண்டுகளுக்குள், உட்சட்டியைத் தனியே எடுத்துக் கழுவக்கூடிய வகையும் வந்துசேர்ந்தது. 1971 இல் ஏறக்குறைய 20 இலட்சம் டொலராயிருந்த விற்பனை, 1975 இல் 9 கோடி 30 இலட்சம் டொலராக உயர்ந்தது என்பர். அதே 1975 இல் மேபிள் ஹொஃப்மன் என்னும் அம்மையார் மென்சூட்டுச் சமையல் பற்றி எழுதிய நூல், இலட்சக்கணக்கிற் விற்பனையாயிற்று.

இவ்வரலாற்றிலே ஒரு விந்தையும் உண்டு. பன்றியிறைச்சி யூத சமயத்தினருக்கு விலக்கப்பட்ட உணவு. அவர்தம் ஓய்வுநாட் சட்டியின் வழித்தோன்றலோ அமெரிக்க இல்லங்களிலே பன்றியிறைச்சியைச் சமைத்துக்கொண்டிருக்கிறது. அதற்கும் வரலாற்றுக் காரணம் இல்லாமலில்லை. சோளம் செழித்து விளையும் நடுமேற்கு மாநிலங்களில், அச்சோளத்தைத் தின்று கொழுத்த பன்றிகளே உழவரின் செல்வமாயின. 19 ஆம் நூற்றாண்டில் சின்சினாட்டி நகருக்குப் ‘பன்றிமாநகர்’ என்னும் பொருள்படும் பட்டப்பெயரே வழங்கிற்று. நக்சன் வாழ்ந்த சிக்காகோவில் 1865 இல் திறக்கப்பட்ட மாபெரும் கால்நடைச் சந்தை, குறொக் பொட் வெளிவந்த அதே 1971 ஆம் ஆண்டில் மூடப்பட்டது.

காலப்போக்கில், சமையலுக்குத் தாவர எண்ணெய் மலிந்து பன்றிக் கொழுப்பின் தேவை குறைந்தது. ஆகவே கொழுப்புக் குறைந்த பன்றிகளையே வளர்க்கலாயினர். கொழுப்புக் குறைந்த இறைச்சி விரைவில் வறண்டுவிடும். அதனோடு, பன்றியிறைச்சியிலுள்ள புழுவுக்கு அஞ்சி அதனை மிகையாக வேகவைக்கும் பழைய வழக்கமும் சேர்ந்துகொண்டது. அமெரிக்க வேளாண்மைத் திணைக்களம், முழுத் துண்டங்களுக்கு வேண்டிய உட்சூட்டை 71 பாகை செல்சியசிலிருந்து 63 பாகையாகக் குறைத்து, அடுப்பினின்று இறக்கியபின் மூன்று நிமிடம் ஆறவிடுமாறு அறிவித்தது 2011 ஆம் ஆண்டிலேதான். இடைப்பட்ட காலமெல்லாம், தோற்பட்டையையொத்த வறண்ட துண்டங்களைத் தின்று சலித்த குடும்பங்களுக்கு, மூடிய சட்டியின் ஈரச்சூடு ஒரு வரமாக அமைந்தது.

அவ்வரம் முழுதும் கிட்ட வேண்டுமாயின் சில நுட்பங்களைக் கைக்கொள்ள வேண்டும். இடுப்புப்பக்கத்து மெல்லிய துண்டங்கள் நெடுநேரச் சூட்டைத் தாங்கா. தோட்பகுதியிலிருந்து வெட்டிய, எலும்போடு கூடிய, ஓரங்குலத் தடிப்பான துண்டங்களே ஏற்றவை. அவற்றிலுள்ள இணைப்பிழையம், பல மணிநேரம் மென்சூட்டிற் கிடக்கையில் உருகிக் கூழாகி இறைச்சிக்கு மென்மை தருகிறது. உறைந்த இறைச்சியை முன்னரே உருகவைத்துக்கொள்ள வேண்டும். உப்பும் மிளகும் தடவி, சூடான தாச்சியில் இருபுறமும் சிவக்க வாட்டியபின் இடுவது சுவைக்கு நன்று; மென்சூட்டுச் சட்டிக்குச் சிவக்க வாட்டும் வன்மை இல்லை. கிழங்கும் கரட்டும் இடுவதாயின் அடியில் இடுக. அவை இறைச்சியிலும் மெதுவாகவே வேகும். ஒரு தகரம் காளான் சூப்பும் அரைத்தகரம் நீரும் போதும்; ஆவி வெளியேறாத சட்டியில் நீர் வற்றுவதில்லை. குறைந்த சூட்டில் ஆறு முதல் எட்டு மணிநேரம் விடுக. இடையில் மூடியைத் திறத்தல் ஆகாது. ஒரு முறை திறந்து பார்த்தால், இழந்த சூட்டை மீட்க ஏறக்குறைய அரை மணிநேரம் செல்லும். ஆவலை அடக்கத் தெரியாதவர்க்கு இச்சமையல் வாய்க்காது.

இனி, இச்சட்டி மகளிர்க்கு விடுதலை தந்ததா என்னும் வினா எழுகிறது. அமெரிக்காவில் 1970 ஆம் ஆண்டு, வயது வந்த பெண்களில் நூற்றுக்கு 43 பேரளவில் ஊதியத் தொழிலில் ஈடுபட்டிருந்தனர். 1980 இல் அது 51 ஆக உயர்ந்தது. சமைப்பவர் வெளியே சென்றிருக்கையிலும் சமைக்கும் பாத்திரம் அவர்களுக்குப் பேருதவி புரிந்தது மெய்யே. ஆனால், ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் என்னும் வரலாற்றறிஞர் 1983 இல் வெளியிட்ட நூலொன்றில், வீட்டுக்கு வந்த புதிய கருவிகள் உழைப்பைக் குறைப்பதாகச் சொல்லப்பட்டபோதிலும் தாயின் வேலை குறையவில்லை என எடுத்துக்காட்டினார். அரிவதும் அடுக்குவதும் நினைவில் வைத்திருப்பதும் பின்னரும் அவள் தலைமேலேயே இருந்தன. வில்னாவின் சட்டி, வீட்டிலுள்ள அனைவரும் ஒருங்கே ஓய்ந்திருக்கும்பொருட்டு வெந்தது. அதன் அமெரிக்க வாரிசோ, அனைவரும் வெளியே உழைத்துக்கொண்டிருக்கும்பொருட்டு வேகிறது. சட்டி ஒன்றே, அதனைச் சூழ்ந்த வாழ்க்கை மாறிவிட்டது.

ஆயினும் ஒன்று மாறவில்லை. அன்று ஓய்வுநாளிலே மூடியைத் திறக்கையில் குடும்பம் முழுவதும் ஒருங்கு கூடியிருந்தது. இன்றும், பகலெல்லாம் பிரிந்திருந்தவர்கள் அச்சட்டியைச் சுற்றி ஒரு வேளையாவது கூடுகிறார்கள். காப்புரிமை ஏட்டிலே மகனுடைய பெயரே பொறிக்கப்பட்டிருக்கிறது. கதை சொன்ன தாயின் பெயரையும், முதன்முதல் அச்சட்டியைப் போறணைக்கு அனுப்பிய முகமறியா மூதாட்டியின் நினைவையும் காத்தல் வரலாறு படிப்போரின் கடமையாகும். உங்கள் இல்லங்களிலும் முதியோர் அடுப்படிக் கதைகள் சொல்வர். நேரமில்லை என்று எழுந்துவிடாதீர்கள், இருந்து கேளுங்கள். எந்தக் கதை எந்நாட்டில் எவர் பசியைத் தீர்க்கும் என்பதை இன்று எவர் அறிவார்?