வாடகை வீட்டில் கிச்சனை மாற்றப் போகிறார்களா? சுத்தியல் விழும் முன் பேசி முடிக்க வேண்டியவை இவைதான்!

"கிச்சனை மட்டும் புதுசா மாத்தித் தரலாம்னு இருக்கோம். ஒரு பத்து நாள் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க."

ஹவுஸ் ஓனரிடமிருந்து இப்படி ஒரு போன் வந்தால் வாடகைக்கு இருப்பவருக்கு முதலில் சந்தோஷம்தான் வரும். ஒழுகும் சிங்க்கும் விரிசல் விட்ட கடப்பா கல் மேடையும் ஒருவழியாகப் போகின்றன. போனை வைத்த பிறகுதான் கேள்விகள் வரிசைகட்டும். பத்து நாளும் எங்கே சமைப்பது? வாடகையை ஏற்றிவிடுவார்களா? ஊருக்குப் போய்விட்டு வந்தால் வீடு நமக்கே இருக்குமா?

தமிழ்நாட்டில் இந்தக் கேள்விகள் பலவற்றுக்குச் சட்டத்திலேயே பதில் உண்டு. 2017-ல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் வாடகைச் சட்டம், ரிப்பேர் யார் பொறுப்பு, ஓனர் எப்போது வீட்டுக்குள் வரலாம், வாடகை எப்போது ஏறலாம் என்று பிரித்துச் சொல்கிறது. ஆனால் அந்தப் பதில்களில் பாதி, வேலை தொடங்கும் முன்பே எழுத்தில் போட்டவர்களுக்குத்தான் பயன்படும்.

இது ரிப்பேரா, மேம்பாடா?

முதலில் இதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். காரணம், பணம் யார் தருவது என்பதும் வாடகை ஏறுமா என்பதும் இதைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

சட்டத்தின் இரண்டாவது அட்டவணை பொறுப்புகளைப் பட்டியல் போட்டிருக்கிறது. குழாய் வாஷர், டேப் மாற்றுவது, வாஷ்பேசின் ரிப்பேர், சுவிட்ச், பிளக் பாயின்ட் ரிப்பேர், கப்போர்டு பூட்டு, கைப்பிடி மாற்றுவது எல்லாம் வாடகைதாரர் பக்கம். கிச்சனில் பொருத்தியிருக்கும் சாமான்களின் ரிப்பேரும் அந்தப் பக்கம்தான் வருகிறது. கட்டுமானம் சார்ந்த ரிப்பேர், தண்ணீர் பைப்லைன் மாற்றம், வயரிங், சுண்ணாம்பு, பெயின்ட் ஆகியவை ஓனர் பக்கம்.

"கிச்சன் ரிப்பேர் உங்க பொறுப்புன்னு சட்டத்துலயே இருக்கே, பாதிச் செலவு நீங்க போடுங்க" என்று சிலர் கேட்கக்கூடும். ஒழுகும் டேப்பைச் சரிசெய்வது வேறு, மேடையை இடித்து, பைப்பை மாற்றி, புது கப்போர்டு அடிப்பது வேறு. முன்னதைக் காட்டிப் பின்னதற்குப் பணம் கேட்பது நியாயமில்லை. வாடகைதாரர் உடைத்த பொருளாக இருந்தால் மட்டும் கதை மாறும்.

கல் தானாக இறங்கிவிட்டது, சுவருக்குள் பைப் ஒழுகிக் கீழ்வீட்டுக் கூரை ஊறுகிறது என்றால் அது ரிப்பேர், ஓனர் செய்தே ஆக வேண்டும். சொல்லியும் செய்யவில்லை என்றால், வாடகைதாரர் தானே செய்து வாடகையில் கழித்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. ஒரு மாதத்தில் கழிக்கும் தொகை அந்த மாத வாடகையில் பாதியைத் தாண்டக்கூடாது, அவ்வளவுதான். கேட்டதற்கும் ஓனர் மறுத்ததற்கும் ஆதாரம், செய்த வேலைக்கு பில், இவை இல்லாமல் கழித்தால் அதுவே வாடகை பாக்கி என்று திரும்பிவிடும்.

நன்றாக இருக்கும் கிச்சனை மாடுலராக மாற்றுவது மேம்பாடு.

வாடகை ஏறுமா?

ஏறலாம், ஆனால் ஓனர் இஷ்டத்துக்கு அல்ல. மேம்பாட்டு வேலைக்காக வாடகையை ஏற்றுவதென்றால், இருதரப்பும் முன்கூட்டியே எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். ஏற்றிய வாடகை, வேலை முடிந்து ஒரு மாதம் கழித்துத்தான் அமலுக்கு வரும். ஓனரின் கடமையான ரிப்பேர் வேலையை இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது.

அதனால் "சும்மா ஒரு கையெழுத்து, கார்பென்டருக்குக் காட்டணும்" என்று வரும் பேப்பரை ஒருமுறை முழுக்கப் படியுங்கள். வாடகை பற்றி ஒரு வரி இருந்தால் அங்கேயே பேசிவிடுங்கள். ஏற்றம் இல்லை என்று வாயால் சொன்னால், "நீங்க சொன்ன மாதிரி இந்த வேலைக்காக வாடகை ஏறாது, சரிதானே சார்?" என்று ஒரு வாட்ஸ்அப் மெசேஜ் போட்டு பதில் வாங்கி வையுங்கள். முகத்தை முறித்துக்கொள்ளாமல் கேட்க இதைவிட எளிய வழி இல்லை.

கிச்சனே இல்லாத நாட்களுக்கு வாடகையில் சலுகை கேட்பது தவறல்ல. மாதம் 15,000 ரூபாய் வாடகை என்றால் ஒரு நாளுக்கு 500 ரூபாய். நான்கு பேர் உள்ள குடும்பம் மூன்று வேளையும் ஹோட்டலில் சாப்பிட்டால் அதைவிட அதிகமாகும். இது பேசி முடிக்கும் விஷயம், பேச வேண்டிய நேரம் வேலைக்கு முன்புதான்.

"ஊருக்குப் போயிட்டு வாங்க" என்றால் உஷார்

இந்த விஷயத்தில்தான் அதிகக் கவனம் தேவை. வீட்டைக் காலி செய்தால்தான் வேலை பார்க்க முடியும் என்ற நிலை இருந்தால், அந்தக் காரணத்துக்காக வெளியேற்றக் கேட்க ஓனருக்குச் சட்டம் வழி தருகிறது. அப்படிக் காலி செய்த பிறகு, வேலை முடிந்ததும் அதே வாடகைதாரர் திரும்பி வருவது தானாகக் கிடைக்கும் உரிமை அல்ல. இருவரும் ஒப்புக்கொண்டு, புதிய ஒப்பந்தம் போட்டு, வாடகை அதிகாரியிடம் சமர்ப்பித்திருக்க வேண்டும்.

கிச்சன் மாற்றும் வேலைக்கு வீட்டையே காலி செய்ய வேண்டிய அவசியம் பெரும்பாலும் வராது. பத்து நாள் அம்மா வீட்டுக்குப் போவதும், சாமான்களை எடுத்துக்கொண்டு சாவியைக் கொடுப்பதும் ஒன்றல்ல. போவதென்றால் சாமான் வீட்டிலேயே இருக்கட்டும், ஒரு சாவி உங்களிடம் இருக்கட்டும், அட்வான்ஸைத் திருப்பி வாங்க வேண்டாம். "வேலைக்காகத் தற்காலிகமாகத்தான் வெளியே தங்குகிறோம், வாடகை ஒப்பந்தம் தொடர்கிறது, இந்தத் தேதியில் திரும்புவோம்" என்று இரண்டு வரி எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். வாடகை ஒப்பந்தமே இன்னும் பதிவாகவில்லை என்றால், முதலில் அதை முடிப்பது நல்லது. பிரச்னை வந்தால் ஆதாரமாகக் காட்ட முதலில் கேட்பது அதைத்தான்.

ஆள் எப்போது வரலாம்?

ரிப்பேர் அல்லது மாற்று வேலைக்காக ஓனரோ அவர் அனுப்பும் ஆளோ வீட்டுக்குள் வர, குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். காரணம், நாள், நேரம் மூன்றும் அதில் இருக்க வேண்டும். தீ, வெள்ளம் போன்ற அவசரத்துக்கு இது பொருந்தாது. பத்து நாள் வேலைக்கு தினமும் நோட்டீஸ் கேட்டுக்கொண்டிருப்பதும் நடைமுறைக்கு ஒத்துவராது. காலை எத்தனை மணி முதல் மாலை எத்தனை மணி வரை, எந்தெந்த நாள், வீட்டில் பெரியவர் யாரும் இல்லாத நேரத்தில் ஆள் வரலாமா என்பதை ஒரே மெசேஜில் முடித்துக்கொள்ளலாம்.

"பத்து நாள்" என்பதை மட்டும் அப்படியே நம்பிவிட வேண்டாம். இடிப்பது ஒரு நாளில் முடிந்துவிடும். பைப், வயரிங்குக்காகச் சுவரை வெட்டுவது, பூச்சு, கிரானைட் வைப்பது, டைல்ஸ் ஒட்டுவது என்று ஒன்று முடிந்தால்தான் அடுத்தது. சிமென்ட் பூச்சுக்குச் சுமார் ஏழு நாள் தண்ணீர் காட்ட வேண்டும். கப்போர்டு வெளியே தயாராகி வந்து பொருத்தப்பட்டால் சீக்கிரம் முடியும், கார்பென்டர் வீட்டிலேயே பலகை அறுத்தால் இழுக்கும். எனவே கேட்க வேண்டிய கேள்வி "எத்தனை நாள்?" அல்ல. "கப்போர்டு ரெடியா இருக்கா? அது வந்த பிறகு இடிக்கலாமா?" என்பதுதான். மேடையை இடித்துப் போட்டுவிட்டு கப்போர்டுக்காகக் காத்திருப்பதைப் போன்ற கொடுமை வேறில்லை.

அடுப்பு எங்கே வைப்பது?

ஹாலில் ஒரு ஓரம், அல்லது காற்றோட்டமுள்ள பால்கனி. இன்டக்‌ஷன் அடுப்பு இருந்தால் சமாளித்துவிடலாம் என்று நினைப்போம். ஆனால் பிளக் பாயின்ட்டைப் பாருங்கள். ஹாலில் டிவி, போன் சார்ஜருக்கு இருப்பது பெரும்பாலும் 6 ஆம்பியர் பாயின்ட். 2000 வாட்ஸ் இன்டக்‌ஷன் முழு வேகத்தில் 8 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். மெல்லிய எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டினால் பிளக் உருகும், தீப்பிடிக்கவும் வாய்ப்புண்டு. 16 ஆம்பியர் பாயின்ட் உள்ள இடத்துக்கு அடுப்பைக் கொண்டுபோவதுதான் சரி. அப்படி இடமே இல்லையென்றால், எலக்ட்ரீஷியன் வேலைக்கு வரும் முதல் நாளே தற்காலிகமாக ஒன்று போட்டுத் தரச் சொல்லலாம்.

கேஸ் அடுப்புதான் என்றால், சிலிண்டரை நிமிர்த்தியே வைக்க வேண்டும், அடுப்பு சிலிண்டரைவிட உயரமான மேஜையில் இருக்க வேண்டும், ஜன்னல் திறந்திருக்க வேண்டும். கட்டில் போட்ட அறையில் வேண்டவே வேண்டாம். டைல்ஸ் கட்டர், டிரில் ஓடும் நேரத்தில் ரெகுலேட்டரைக் கழற்றி, மூடி போட்டு, சிலிண்டரை வேலை நடக்கும் இடத்திலிருந்து தள்ளி வையுங்கள். சிலிண்டரைத் திரும்ப மாட்டும்போது டியூபில் அச்சிட்ட தேதியையும் பாருங்கள். ஐந்து வருடம் ஆகியிருந்தால் புதிது மாற்ற வேண்டும். பைப் மூலம் கேஸ் வரும் அடுக்குமாடி வீடாக இருந்தால் அந்த லைனை கேஸ் நிறுவன ஆள் மட்டுமே தொடலாம், கார்பென்டர் அல்ல. கேஸ் வாசனை வந்தால் அழைக்க வேண்டிய அவசர எண் 1906.

தண்ணீர் விஷயத்தில் பிளம்பரிடம் ஒன்று கேளுங்கள். பல பழைய வீடுகளில் கிச்சனுக்கும் பாத்ரூமுக்கும் ஒரே லைன். கிச்சன் பைப்பை வெட்டினால் மொத்த வீட்டுக்கும் தண்ணீர் நின்றுபோகும். மாலையில் கிளம்பும் முன் வெட்டிய முனைகளுக்கு டம்மி அடித்து, மெயின் வால்வைத் திறந்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். வேலை நடக்கிறது என்பதற்காகத் தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசிய வசதிகளை நாள்கணக்கில் நிறுத்தி வைக்க முடியாது. அப்படி நடந்தால் வாடகை அதிகாரியிடம் புகார் செய்யலாம்.

கரன்ட் பில்லையும் மறக்காதீர்கள். கட்டர், டிரில், வெல்டிங் எல்லாம் ஓடுவது உங்கள் மீட்டரில். இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறிவிடும். வேலை தொடங்கும் காலையிலும் முடியும் மாலையிலும் மீட்டரை ஒரு போட்டோ எடுத்து வைத்தால் பேச்சுக்கு இடமே இல்லை.

தூசியும் சத்தமும்

டைல்ஸ், கிரானைட் அறுக்கும் தூசி சாதாரண வீட்டுத் தூசி அல்ல. அதில் இருக்கும் சிலிக்கா துகள்கள் நுரையீரலுக்குக் கெடுதல். மாடியிலோ வெளியிலோ தண்ணீர் ஊற்றி அறுக்கச் சொல்லுங்கள். கிச்சன் வாசலுக்கு பிளாஸ்டிக் ஷீட் கட்டி ஓரங்களில் டேப் ஒட்ட வேண்டும். ஆஸ்துமா உள்ளவர்கள், கைக்குழந்தைகள், வயதானவர்கள் இருந்தால் இடிக்கும் நாளில் மட்டுமாவது வேறு இடத்தில் இருப்பது நல்லது. கர்ப்பிணி இருக்கும் வீட்டில் இடிக்கக்கூடாது என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. நம்பிக்கை ஒருபக்கம் இருக்கட்டும், தூசியை நினைத்தால் அது நல்ல யோசனைதான். தேதியைத் தள்ளிவைக்கக் கேட்கத் தயங்க வேண்டாம். பிள்ளைக்குப் பொதுத்தேர்வு இருந்தாலும் அப்படியே.

ஓனர்களுக்கும் ஒரு வார்த்தை. மாடலையும் கலரையும் முடிவு செய்யும்முன் அங்கே சமைப்பவரிடம் ஐந்து நிமிடம் பேசுங்கள். மிக்ஸி, கிரைண்டர் எங்கே வைப்பது, அரிசி டின் எந்தத் தட்டில் நிற்கும், மேல் கப்போர்டு கைக்கு எட்டுமா என்பது அவருக்குத்தான் தெரியும். வாடகைதாரர் சொந்தக் காசில் மாட்டிய சிம்னி, வாட்டர் பியூரிஃபையர் இருந்தால், கழற்றி மாட்டும் செலவு யாருடையது என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

வேலை முடிந்த அன்று

ஆட்கள் கிளம்பும் முன் சிங்க்கை அடைத்துத் தண்ணீர் நிரப்பி, ஒரே நேரத்தில் திறந்துவிட்டு, கீழே டார்ச் அடித்துப் பாருங்கள். ஒழுகினால் அப்போதே தெரியும். எல்லா பிளக் பாயின்ட்டிலும் மிக்ஸியைப் போட்டுப் பாருங்கள். கிரானைட் ஓரத்தில் ஒட்டிய சிலிகான் காய ஒரு நாள் விடுங்கள். புது பிளைவுட் வாசனை போக கப்போர்டு கதவுகளைச் சில நாட்கள் திறந்து வையுங்கள்.

பழைய கிச்சனை இடிக்கும் முன் எடுத்த வீடியோ இருக்கட்டும். புதியதையும் அதேபோல எடுங்கள். கீறல், உடைந்த டைல், சரியாக மூடாத கதவு என்று கண்ணில் பட்டதையெல்லாம் அன்று இரவே ஓனருக்கு அனுப்பிவிடுங்கள். மூன்று வருடம் கழித்து வீட்டைக் காலி செய்யும்போது அட்வான்ஸில் பிடிக்கப் பார்ப்பது இவற்றுக்காகத்தான்.